வாசகர் வட்டத்தில் ஒரு ஆடிட்

இலக்கியக் கூட்டத்துக்கு அழைத்தால் "வந்தர்றனுங்க" என்று சொல்வதும், பிறகு வராமல் இருந்துவிடுவதும் எங்கள் ஊரில் ஒரே மரியாதையின் இரண்டு பாதிகள். முகத்துக்கு நேரே மறுப்பது பண்பாட்டுக்கு ஆகாது. வந்து உட்காருவது தொழிலுக்கு ஆகாது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. புரிந்துகொண்ட பிறகும் அழைத்துக்கொண்டேதான் இருந்தேன். (என்னைப் போன்றவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. அச்சில் ஏற்ற முடியாது.)

நான் காங்கேயத்திலிருந்து திருப்பூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் தந்தை தேங்காய் எண்ணெய் ஆலையில் கணக்கு பார்த்தவர். எண்ணெய்க் கறை படியாத புத்தகம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. புகுந்த வீடோ என் கணவர் நடத்தும் தையல் யூனிட்டின் மாடி. கீழே ஓவர்லாக் இயந்திரங்கள் ஓட ஓட, மேலே தரை மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே படிக்கக் கிடைத்தவை நாள்காட்டியும், பனியன் பெட்டியின் மேல் அச்சான துவைக்கும் முறையும்தான். மணமான புதிதில், படிக்க ஏதாவது வேண்டும் என்று கணவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கடைவீதியெல்லாம் அலைந்து, கெட்டி அட்டை போட்ட ஒரு டைரியோடு வந்து நின்றார்.

"எழுதினது எதுவும் நல்லதாக் கெடைக்கல புள்ள. நீயே எழுதிப் படிச்சுக்க" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. அது அவருடைய தொழிலின் நியாயம்: சரக்கு கிடைக்காவிட்டால் துணியை வாங்கி நாமே தைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதே மனிதர்தான் அடுத்த வாரம் என்னைப் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு போய், எங்கள் பகுதியின் கிளை நூலகத்தைக் காட்டினார். பனியனில் படம் அச்சிடும் ஒரு பிரின்டிங் பட்டறைக்கும், தொழிலாளர்கள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸுக்கும் நடுவே இருந்த இரண்டு அறைகள். வரலாற்று நூல்களில் சாயப் பசையின் வாசமும், நாவல்களில் பரோட்டா வாசமும் அடிக்கும். சன்னல் ஓரத்தில் கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலி இருந்தது. அன்று தொடங்கி, என் மகள் பிறந்து வளர்ந்து கல்லூரிக்குப் போகும் வரை, என் மாலைப் பொழுதுகள் அதில்தான் கழிந்தன. வீட்டில் இருந்த நாற்காலிகள் எல்லாம் குடும்பத்துடையவை. ஊரில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த நன்றிக்கடனில், வாசகர் வட்டத்தின் செயலாளர் ஆனேன். (போட்டி ஏதும் இல்லை. தலைவர் பதவி கடைசி வரை காலியாகவே இருந்து, நூலகத்தோடு சேர்ந்து மறைந்தது.) நாங்கள் நடத்தாத நிகழ்ச்சி இல்லை. குழந்தைகளுக்குக் கதை சொல்ல ஒருவரை அழைத்தோம். அவர் சொன்ன கதையை முழுவதும் கேட்டவர் அவரை ஏற்றி வந்த ஆட்டோக்காரர். பட்டிமன்றம் வைத்தோம், இரண்டு அணிகள் இருந்தன, நடுவர் இருந்தார், மன்றம் மட்டும் இல்லை. வள்ளி கும்மிக்கு ஏற்பாடு செய்தபோது மெய்யாகவே கூட்டம் வந்தது. ஆட இடம் போதவில்லை என்று கும்மி கோவில் திடலுக்கு இடம் மாறியது. கூட்டமும் அதன் பின்னே போயிற்று. நானும் நூலகர் கோமதியும் கும்மிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டபடி நூலகத்துக்குக் காவல் இருந்தோம்.

இப்படி இருக்கையில்தான், சிறு கிளைகளைப் பெரிய நூலகத்தோடு இணைக்கப் போகிறார்கள் என்றும், எங்கள் கிளை அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது என்றும் கோமதி சொன்னாள். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். எங்கள் நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்பார். மக்கள் இந்த நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று அவருக்குத் தோன்றினால் கிளை நிலைக்கும். இல்லையென்றால், பாலத்தைத் தாண்டிப் பேருந்து மாறிப் போக வேண்டிய பெரிய நூலகத்தோடு கரைந்துவிடும்.

"புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வராங்களாம் அக்கா" என்றாள் கோமதி. அவள் குரல் துக்க வீட்டிலிருந்து வந்தது போல இருந்தது.

காரணம் இருந்தது. திருப்பூரில் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ஓய்வாக இருப்பவை கைக்குழந்தைகளும் காலண்டர் சாமிகளும்தான். ஆயினும் நான் வீடு வீடாகப் போய் அழைத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் "நாங்க வராமங்களா, நீங்க முன்னால போங்க, பொறத்தாலயே வந்தர்றம்" என்றார்கள். அவ்வளவு பேரும் வந்தால் எங்கே உட்காரவைப்பது என்று அஞ்சி, பக்கத்து மெஸ்ஸில் நாற்காலிகள் இரவல் கேட்டு வைத்தேன். என்னுடைய மடமையின் உயரத்தை அளக்க விரும்புவோர் அந்த நாற்காலி அடுக்கை அளந்தால் போதும்.

புதன்கிழமை காலையில் தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் கவனித்துவிட்டார்.

"ஏன் புள்ள, திங்காம தோசையவே பாத்துட்டு இருக்கற?"

"எல்லாரும் வர்றேன்னுதான் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அப்ப ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவர். சற்று நேரம் கழித்து, துணி ஆர்டர் எடுக்கும் அதே தொனியில் கேட்டார்: "எத்தன ஆளு வேணும்?"

"என்னங்க கேக்கறீங்க?"

"ஒரு லைன் அனுப்பட்டுமா?"

லைன் என்பது ஒரே உடுப்பை ஆளுக்கொரு பகுதியாகத் தைத்து முடிக்கும் ஒரு வரிசைத் தையல்காரர்கள். வாரக் கடைசியில் சரக்கு கப்பலுக்குப் போயாக வேண்டிய நேரத்தில் ஒரு லைனை நிறுத்துவது, எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, நகையை அடகு வைப்பதற்குச் சமம்.

"ஷிப்மென்ட் இருக்குதுன்னீங்களே."

"இருக்குது. டீ டைமோட சேத்து ஒரு மணி நேரம் நிறுத்திக்கலாம். அந்த லைப்ரரி போச்சுன்னா நீ நாள் பூரா என்ற மூஞ்சியத்தான பாத்துட்டு இருப்ப? அத எப்படி நான் தாங்கறது?"

இருபது ஆண்டுத் தாம்பத்தியத்தில் அதைவிடப் பெரிய காதல் வசனத்தை அவர் சொன்னதில்லை. என் எதிரிலேயே சூப்பர்வைசர் மாரியப்பனுக்குப் போன் போட்டார். "மாரியப்பா, சாயங்காலம் லைப்ரரிக்கு ஒரு ஆபீசரம்மா வராங்க. ஒரு லைன் போய் ஒழுங்கா உக்காரோணும். ஏதாச்சும் கேட்டாங்கன்னா நல்லதாச் சொல்லச் சொல்லு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஆமா, எப்பவும் போலத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

(அந்த 'எப்பவும் போல' என் காதில் நன்றாகவே விழுந்தது. நான் தோசையைத் தின்னத் தொடங்கியிருந்தேன்.)

வெளியூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் எங்கள் ஊரின் ஒரு சடங்கை விளக்கியாக வேண்டும். நாங்கள் தைக்கும் பனியன்களை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், தொழிலாளர்கள் நல்லபடியாக நடத்தப்படுகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பும். அதற்கு ஆடிட் என்று பெயர். அன்று யூனிட்டுக்கே திருவிழாக் களை வந்துவிடும். எல்லாருக்கும் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கழுத்தில் அடையாள அட்டை. முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு. வந்தவர் கேட்கக்கூடிய கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் ஒரு வாரம் முன்பிருந்தே பாராயணம் செய்யப்படும். இந்தப் பாராயணத்தில் மாரியப்பனை மிஞ்ச எங்கள் வட்டாரத்தில் ஆள் இல்லை என்பார்கள். அவரைப் பொறுத்தவரை, அதிகாரி வருவார், கேட்பார், நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றால், உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்.

மாலையில் அதிகாரி சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். நடுவயதுப் பெண்மணி, பருத்திப் புடவை, கனிவான முகம். மெஸ் நாற்காலிகளின் வெறுமையை ஒருமுறை பார்த்தார். நான் "பொறத்தாலயே வராங்க" என்றேன். பிறகு மூவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் வேன் வந்து நின்ற ஓசையைக் கேட்டபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கண்ணீரினூடே பார்த்ததால்தானோ என்னவோ, நடப்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு லைன் முழுவதும் வரிசை பிசகாமல் இறங்கியது. எல்லாருக்கும் தொப்பி, மாஸ்க், கழுத்தில் அட்டை. பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். மாரியப்பன் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்து கவிதை நூல்கள் இருந்த அலமாரியின் மேல், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்.

"எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேனுங்க அக்கா" என்று என் காதருகே மெல்லச் சொன்னார். "வாய் நீளமான ஆளுகள மட்டும் உட்டுட்டு வந்துட்டேன்."

"முத்துலட்சுமி எங்கே?" என்று கேட்டேன். காலர் தைக்கும் திண்டுக்கல் பெண் அவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நூலகத்துக்கு வந்து புத்தகம் மாற்றிப் போவாள். எங்கள் யூனிட்டில் நூலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிந்த ஒரே பிறவி.

"அவளத்தானுங்க மொதல்ல கழட்டி உட்டேன். கேட்டா உள்ளத உள்ளபடி பேசீருவா."

எனக்கு அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அதிகாரி, "பரவாயில்லையே, நல்ல கூட்டம்" என்று கோமதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கோமதி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கைப் பிடித்துவிட்டேன்.

என் தலைப்பு 'பழந்தமிழ்ப் பாடல்களில் ஆறு'. ஆற்றின் நிறத்தை வைத்து அன்றைக்கு எந்தச் சாயப்பட்டறை ஓடுகிறது என்று சொல்லிவிடக்கூடிய மக்களிடம், புதுப்புனலைப் பற்றியும் நீராட்டு விழாவைப் பற்றியும் உரையாற்றினேன். ஒருவரும் இருமவில்லை. ஒருவரும் செல்போனை எடுக்கவில்லை. கைகளை மடிமேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, இமை கொட்டாமல் கேட்டார்கள். மாரியப்பனின் புருவம் உயர்ந்த இடங்களிலெல்லாம் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் அப்படி ஓர் அவை எனக்கு வாய்த்ததில்லை. உழைக்கும் மக்களின் உள்ளத்தை இலக்கியம் எவ்வளவு எளிதாகத் தொட்டுவிடுகிறது என்று வியந்து, அந்த வியப்பையும் மைக்கில் சொல்லித் தொலைத்தேன்.

நான் உட்கார்ந்ததும் அதிகாரி எழுந்தார். "நானும் கொஞ்சம் பேசிப் பார்க்கிறேன்" என்று முன்வரிசையில் இருந்த சரசாவிடம் போனார். சரசா சட்டைக்குக் கை வைப்பவள், பயந்த சுபாவம்.

"நீங்க இங்க அடிக்கடி வருவீங்களாம்மா?"

சரசா எழுந்து மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டாள். "தெனமும் எட்டு மணி நேரம்ங்க. அதுக்கு மேல யாரும் கட்டாயப்படுத்தறது இல்லீங்க."

அதிகாரிக்குச் சற்றே திகைப்பு. ஆனால் மகிழ்ச்சியான திகைப்பு. "எட்டு மணி நேரமா? இங்க அப்படி என்ன உங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

"குடிதண்ணி வசதி இருக்குதுங்க. பொம்பளைங்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்குதுங்க."

நூலகத்தில் எந்த மனிதருக்கும் கழிப்பறை இல்லை. கோமதி அவசரத்துக்கு மெஸ்காரர் வீட்டுக்குத்தான் ஓடுவாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

"சரி, நூலகர் உங்ககிட்ட எப்படி நடந்துக்குவாங்க?" என்று அதிகாரி கோமதியைக் காட்டினார்.

"தங்கமானவங்க. கெட்ட வார்த்தை பேச மாட்டாங்க. கை நீட்ட மாட்டாங்க."

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிலம் பிளக்காதா என்று பார்த்தேன். பக்கத்துப் பிரின்டிங் பட்டறைதான் அதிர்ந்தது. எழுந்து எதையாவது சொல்லி மறிக்க முயன்றேன். என் வாயில் புதுப்புனல் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் வரவில்லை. அதற்குள் அதிகாரி ஆண்கள் பக்கம் திரும்பிவிட்டார். அங்கே முதலில் இருந்தவர் பீகாரிலிருந்து வந்த தீபக். மாரியப்பனின் தலைமாணாக்கர், பிற மாநிலத் தொழிலாளியிடம் பேச வேண்டும் என்று எந்த ஆடிட்டர் கேட்டாலும் அவரைத்தான் நிறுத்துவார்கள்.

"தம்பி, நீங்க இங்க என்ன படிப்பீங்க?"

"மேடம், சம்பளம் ஏழு தேதி. பேங்க்ல வருது. லேட் இல்ல." மூச்சு விட்டுக்கொண்டு, யாரும் கேட்காத அடுத்த விடைக்கும் தாவினார். "சின்ன பசங்க வேலை இல்ல. ஃபயர் வந்தா பயம் இல்ல. எல்லாரும் லைன்ல வெளிய போவோம்."

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். குழம்பிப் போனவர்கள் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொல்வது போலத்தான், "அப்படியா, எப்படிப் போவீங்க?" என்றார்.

ஆடிட்டில் இந்தக் கேள்வி வருவது உண்டு. வந்தால் செய்துகாட்ட வேண்டும். மாரியப்பன் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார்.

அந்த அழகை நான் எப்படி எழுதுவேன்? கடைசி வரிசை முதலில் எழுந்தது. தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. முன்னால் போகிறவர் தோளில் பின்னால் வருபவர் கைவைத்துக்கொள்ள, ஒரு பாம்பு புற்றைவிட்டு இறங்குவது போலச் சபை வெளியேறியது. போகிற வழியில் ஒருவர் விதிப்படி மெயின் ஸ்விட்சை அணைத்தார். இன்னொருவர் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சாலைக்கு எதிர்ப்புறம் போய் நின்று தலைகளை எண்ணினார்கள். தலைகள் சரியாக இருந்தன. வேனும் அங்கேதான் நின்றிருந்தது. டீ டைமும் முடிந்துவிட்டிருந்தது. ஏறிவிட்டார்கள்.

மாரியப்பன் மட்டும் ஓடி வந்து சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வையும் பெருமையும்.

"அக்கா, ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுட்டம்ங்க. இதுவரைக்கும் நம்ம யூனிட்டு ஒரு ஆடிட்லயும் பெயிலானதில்லீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

மின்சாரம் இல்லாத அறையில் நானும் கோமதியும் அதிகாரியும் இரவல் நாற்காலிகளும் இருந்தோம். அதிகாரி கோபப்பட்டிருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும் வழி எனக்குத் தெரியும். அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தவர், "அவங்களை விடுங்கம்மா. தினமும் இங்க வந்து படிக்கிறது யாரு? அதைச் சொல்லுங்க" என்றார்.

கோமதி பொய் சொல்லத் தெரியாதவள். "அக்காதாங்க" என்றாள்.

அதிகாரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஒருத்தருக்காக நடத்த முடியாதுங்களேம்மா" என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அதுதான் இன்று வரை என்னை வதைக்கிறது.

வீட்டுக்குப் போனதும் என் கணவர், "ஆளுக ஒழுங்கா உக்காந்தாங்களா?" என்று கேட்டார்.

"உக்காந்தாங்க."

"கேட்டதுக்கு நல்லதாச் சொன்னாங்களா?"

"நல்லதாத்தான் சொன்னாங்க."

"அப்பறம் எதுக்குப் புள்ள அழுகற?"

விவரத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அப்படியே எழுந்து கீழே யூனிட்டுக்குப் போய், இயந்திரச் சத்தத்துக்குள் வெகுநேரம் நின்றிருந்தார். அவர் சிரிக்கத் தொடங்கியது இரண்டு மாதம் கழித்து, என் மகள் விடுமுறைக்கு வந்து மாரியப்பனைப் போல விசில் ஊதிக் காட்டியபோதுதான். அதற்குள் நூலகத்தை இணைத்துவிட்டார்கள். புத்தகங்களைக் கட்டிப் போக அட்டைப்பெட்டிகள் கொடுத்ததும் எங்கள் யூனிட்தான். அளவு ஒட்டுத்தாள்களைக் கிழிக்க நேரமில்லாததால், நாவல்கள் 'எக்ஸ்.எல்.' என்றும், சிறுவர் நூல்கள் 'மீடியம்' என்றும் பாலத்தைத் தாண்டிப் போயின. கோமதியும் அவற்றோடு போனாள். அந்த இரண்டு அறைகளில் இப்போது பிரின்டிங் பட்டறையின் துணி மூட்டைகள் இருக்கின்றன.

பூட்டின வாசலில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமி கையில் புத்தகத்தோடு நின்றாள்.

"என்னையக் கூப்புட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்லக்கா" என்றாள். "நெசமாவே வர்றவ நான் ஒருத்தி இருக்கேன்ல."

அவள் வந்திருந்தாலும் இருவர்தான். இருவருக்காகவும் நடத்தமாட்டார்கள். இருந்தாலும் அந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் உறவில் இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பிந்தினால் யாராவது ஒருவர் விசில் அடிப்பது போல உதட்டைக் குவிப்பார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வருகிற விருந்தாளியிடம் என் மகள், "எங்க ஊட்டுல யாரும் கை நீட்ட மாட்டாங்க, தைரியமாச் சாப்புடுங்க" என்பாள். நானும் சிரிப்பேன்.

மாலையில் இப்போது நான் மாடியில்தான் இருக்கிறேன். பெரிய நூலகத்துக்கு மாதம் ஒருமுறை, பேருந்து கிடைத்தால், போகிறேன். கீழே ஓவர்லாக் ஓடும், தரை நடுங்கும். என் கணவர் டீக்கு மேலே வருவார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காண்பார். பிறகு ஆடிட்டரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு, "ஏனுங்கம்மா, இங்க உங்களுக்கு ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?" என்று கேட்பார்.

நான் எழுந்து நின்று, "ஒரு குறையும் இல்லீங்க" என்பேன்.

அவர் சிரிப்பார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சிரிப்பார்.